பிழைக்கு ஒரு மணி

மேடத்தின் மேசையில் ஒரு மணி இருந்தது. கோயில் மணி இல்லை. ஹோட்டல்களில் வரவேற்பு மேசையில் இருக்குமே, தலையில் ஒரு தட்டுத் தட்டினால் 'டிங்' என்று சொல்லும் வெள்ளிக் கிண்ணம், அதுதான். யாராவது பிழையாக ஏதும் சொன்னால் அவர் அதைத் தட்டுவார். ஒரு விரலால், நிமிர்ந்தும் பார்க்காமல். என்ன பிழை என்று சொல்லமாட்டார்.

என் நேர்முகத்தேர்விலேயே அது அடித்தது. கம்பஸில் பட்டம் முடித்த சூட்டோடு போயிருந்தேன். வாய் ஓயவில்லை. விளையாட்டு மாதிரிப் படிப்பித்தால் பிள்ளைகள் கஷ்டமே தெரியாமல் படித்துவிடுவார்கள் என்று சொன்னேன். டிங். நான் நிறுத்தினேன். என்ன பிழை என்று கேட்டேன்.

"கண்டுபிடியுங்கோ," என்றார். "நான் சொன்னால் பின்னேரம் மறந்திடுவியள். நீங்களே கண்டுபிடிச்சால் சாகுமட்டும் மறக்கமாட்டியள்."

வேலை கிடைத்துவிட்டது. பிழை கிடைக்க நெடுநாள் எடுத்தது. கஷ்டம் இல்லாவிட்டால் அது விளையாட்டே இல்லை. கிளித்தட்டு விளையாட்டில் மறிக்க ஆள் இல்லையென்றால் யார் ஓடுவார்கள்? ஒருநாள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இது திடீரென்று விளங்கியது. பக்கத்தில் நின்ற மனுசன் பயந்துபோகும் அளவுக்குச் சிரித்தேன். மேடம் சொன்னது சரி. சாகும்வரை மறக்கமாட்டேன்.

எங்கள் அலுவலகம் கிளிநொச்சியில், ஏ-ஒன்பது வீதியிலிருந்து இறங்கும் ஒரு கிறவல் ஒழுங்கையில், தகரக் கூரை போட்ட வீடு. முன் அறையில் நாங்கள். சாமியறையாகக் கட்டப்பட்ட சின்ன அறையில் மேடம். குசினியில் கேத்திலும் கணினிச் சேர்வரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சூடாகிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனிலும் ரப்லெட்டிலும் படிக்கிற பாடங்களையும் விளையாட்டுகளையும் செய்வதுதான் வேலை. காசு வெளிநாட்டிலிருந்து வரும்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் முகத்துக்கு நேரே ஒரு தாள் ஒட்டியிருக்கும். 'வாசிக்க வேண்டியவை.' கற்பித்தல் வடிவமைப்பு, மின்கற்றல், கல்வி விளையாட்டுகள் என்று மூன்று பகுதி. எல்லாம் ஆங்கிலப் புத்தகங்கள். மேடம் போன நாடுகளிலிருந்து உடுப்பைக் குறைத்துப் பெட்டியில் சுமந்து வந்தவை. அவருடைய அலுமாரியில் உடுப்பு அடுக்கியதுபோல அடுக்கியிருக்கும். வன்னியில் இந்தப் புத்தகங்கள் இருக்கிற ஒரே இடம் இதுதான் என்பார். அது பெருமையடிப்பு இல்லை. உண்மை.

நான் அந்தப் புத்தகங்களைத் தின்றேன் என்றுதான் சொல்லவேண்டும். மஞ்சள் அட்டைப் புத்தகம், திரையில் எழுதியதையே வாயாலும் வாசித்துக் காட்டாதே என்று படிப்பித்தது. பள்ளிக்கூடத்தில் என் ரீச்சர்மார் எல்லாரும் அதைத்தானே செய்தார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மெல்லிய பச்சைப் புத்தகம் விளையாட்டுகளைப் பற்றியது. தோற்பதற்குப் பயப்படவேண்டியிருந்தால் அது விளையாட்டு இல்லை, வேசம் கட்டிய பரீட்சை என்பது அதன் சாரம். தடித்த நீலப் புத்தகம் முழுக்க முழுக்க ஒரே விசயம்: பிள்ளை ஒரு விடை சொன்ன அந்தக் கணத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பது. இப்போதும் யாராவது இந்தத் துறையில் எதை வாசிக்கலாம் என்று கேட்டால் அந்த வாசல் தாளைத்தான் மனப்பாடமாக ஒப்புவிக்கிறேன்.

ஆனால் மேடம் புத்தகங்களை ஆசைக்குக் கொடுப்பதில்லை. நோய்க்கு ஏற்றபடி கொடுப்பார். படம் கீறுகிற குகன் அண்ணை திரை முழுவதும் பூவும் வண்ணத்துப்பூச்சியும் போட்டார் என்றால் அடுத்தநாள் காலை அவர் கதிரையில் மஞ்சள் புத்தகம் இருக்கும். திட்டு இல்லை, விளக்கம் இல்லை. "டிஸ்பென்சரி திறந்திட்டுது," என்பார் குகன் அண்ணை. நீலத்தைப் பற்றி மட்டும் அவர் பகிடி விடமாட்டார். நான் சேர்ந்த புதிதில் கேத்திலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். நீலம் யார் மேசைக்கு வருகிறதோ அவருக்குப் பதிலாக ஆள் தேடத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தமாம். அதற்கு முதல் வருசம் இரண்டு பேருக்கு வந்ததாம். இரண்டு பேரும் போய்விட்டார்களாம்.

இப்படிச் சொல்லச் சொல்ல அவரை ஒரு பேயாக்கிவிடுவேன் போல இருக்கிறது. ஒருமுறை எங்கள் வேலையைப் பார்க்க ஒரு பெரிய அதிகாரி வந்தார். கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, இதெல்லாம் கொழும்புப் பிள்ளைகளுக்குச் சரி, வன்னிப் பிள்ளைகளுக்கு மூளையில் ஏறாது என்று சொன்னார். டிங். அதிகாரி சுற்றிமுற்றிப் பார்த்தார். மேடம் கோப்பில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அந்த அதிகாரி கையெழுத்து வைக்காமல் போய்விட்டார். எங்களுக்கு வரவேண்டிய ஒரு வேலை போனது. மேடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அன்றைக்கு நான் அவருக்காக எதையும் செய்திருப்பேன்.

மணி கைப்பையில் கைலேஞ்சி சுற்றி வெளியிலும் போகும். மேடம் தன் தங்கையின் கலியாணப் பேச்சில், மாப்பிள்ளை பகுதியார் கதைத்துக்கொண்டிருக்கும்போது அடித்தார் என்று குகன் அண்ணை சொல்வார். அவர் சொல்வதில் பாதி புளுகு. தங்கை இன்னும் மேடத்தோடு கதைப்பதில்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். தன் பிழைக்கு மேடம் மணி அடித்து யாரும் பார்த்ததில்லை.

லோகேஸ்வரி வந்தது நாங்கள் வாய்க்கால் விளையாட்டைச் செய்துகொண்டிருந்த காலத்தில்.

அந்த விளையாட்டு மேடத்தின் மூளையில் உதித்தது. அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே அரசாங்கக் குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தவர். தண்ணீருக்காக மண்வெட்டியோடு நிற்கிற ஆட்களைப் பார்த்து வளர்ந்தவர் மேடம். "தண்ணிப் பங்கு தெரியாத வன்னிப் பிள்ளை இல்லை. பின்னக் கணக்குத் தெரியாத பிள்ளை நிறைய. ரெண்டும் ஒண்டுதானே?" என்றார் ஒருநாள். நான் அதை அப்படியே எழுதிவைத்தேன். பிள்ளை ஒரு பின்னக் கணக்குக்கு விடை சொல்லவேண்டும். ஒவ்வொரு விடைக்கும் ஒரு துருசு, வாய்க்கால் மதகு. சரியானதைத் தொட்டால் அது திறந்து தண்ணீர் வாய்க்காலால் ஓடி வயலுக்குப் போகும். பிழையென்றால் தண்ணீர் றோட்டில் பாயும். அதில் ஒரு எருமை வந்து சுகமாகப் படுக்கும். எருமை குகன் அண்ணையின் கைவேலை. எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பது ஒரு கொக்கு. கொக்குக்குக் குரல் வேண்டும்.

லோகா கார்மென்ற் பக்டரியில் தைத்துக்கொண்டிருந்தவள். உயர்தரப் பரீட்சை நன்றாகச் செய்திருந்தும் வீட்டு நிலைமையில் அங்கே போனவள். பாட்டன் காலத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். விளம்பரம் பார்த்து வந்தாள். ஒரு பந்தியை வாசிக்கச் சொன்னோம். மேடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வேறு யாரோடோ கதைத்துக்கொண்டிருந்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பிச் சொல்வதுபோல ஒரு குரல். "இது காணும், வேற தேடத் தேவையில்லை," என்றார் மேடம். பள்ளிக்கூடத்தில் விளையாட்டைப் போட்டுக் காட்டும் நாள்வரை தற்காலிகம். அது சரியாக நடந்தால் நிரந்தரம். அப்படித்தான் பேச்சு.

அந்த நிரந்தரத்தில்தான் லோகா தொங்கிக்கொண்டிருந்தாள். பக்டரியை விட்டதற்குத் தகப்பன் அவளோடு கதைப்பதை நிறுத்தியிருந்தார். இங்கே நிற்க முடியாவிட்டால் மீண்டும் பக்டரியின் தையல் லைனில் போய் இருக்கவேண்டும், பிறகு வாழ்நாளில் இன்னொருமுறை எழும்ப விடமாட்டார்கள் என்று ஒருநாள் எங்களிடம் சொன்னாள். பிறகு, கடித்த வடையை விழுங்கிவிட்டு, வடை நல்லா இருக்கு என்றாள்.

அலுவலகத்தில் அவள் எங்களைப் போலக் கதைக்கப் பாடுபடுவாள். 'ஆம்' என்பதற்கு எங்கள் 'ஓம்' வருமுன் ஒரு சின்ன இடைவெளி விழும், வாய்க்காலைத் தாண்டுமுன் கால் வைக்க இடம் பார்ப்பதுபோல. களைத்துப்போனால் மட்டும் 'ஆமாங்க' வந்துவிடும். மேடம் அதற்கு மணி அடித்ததில்லை. எழுதிக்கொண்டிருக்கிற பேனையை ஒரு கணம் நிறுத்துவார். அவ்வளவுதான்.

குரல் பதிவதற்கென்று களஞ்சிய அறையின் சுவரெல்லாம் பாய் அடித்திருந்தோம். சத்தம் விழும் என்று காற்றாடி போடமுடியாது. தகரக் கூரை. வெளியே மயில்கள் வேறு. சரியாகப் பதிகிற நேரம் பார்த்துத்தான் அகவும். ஜன்னலுக்கு வெளியே கதிரை போட்டு, மடியில் மணியோடு மேடம் இருப்பார்.

அன்றைக்கு ஒரே ஒரு வசனம். 'சரியான துருசைத் திறவுங்கோ.' லோகா சொன்னாள். டிங். மெதுவாகச் சொன்னாள். டிங். சிரித்துக்கொண்டு சொன்னாள். டிங். மயிலாக இருக்குமோ என்று குகன் அண்ணை சைகையால் கேட்டார். எனக்கு அவள் சொன்னது எல்லாமே நன்றாக இருந்தது. முந்தின நாள் இதைவிட மோசமானதை மேடம் எடுத்துக்கொண்டார். லோகா தாவணியால் முகத்தைத் துடைத்தாள், தண்ணீர் குடித்தாள், திரும்பச் சொன்னாள். டிங். பின்னேரம் ஆகிவிட்டது. கடைசியில் ஒலிவாங்கியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு குரலில், தனக்குத்தானே சொன்னாள்:

"அய்யய்யோ... நமக்கு வராதுங்க."

மணி அடிக்கவில்லை. நான் ஜன்னலைப் பார்த்தேன். மேடம் முதல்தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, அதை வெட்டி எடுங்கோ," என்றார். "பிழைச் சத்தம் கிடைச்சிட்டுது."

விசயம் இதுதான். முதல் ஒத்திகையில் பிள்ளைகளுக்கு எருமை பிடித்துப்போய்விட்டது. பிழை விட்ட பிள்ளைக்கு எருமை பரிசோ என்று மேடம் கேட்டிருந்தார். பிழைக்கு ஒரு சத்தம் வேண்டும், கேட்டால் உள்ளே சுருங்கவேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். நானும் பலதைச் செய்து கொடுத்திருந்தேன், ஊதல், தகரம், பறை. ஒன்றும் சரிவரவில்லை. இப்போது அகப்பட்டுவிட்டது.

லோகா அடுத்தநாள் மேடத்தின் அறை வாசலில் போய் நின்றாள். கதவு திறந்திருந்தது; எல்லாருக்கும் கேட்டது.

"மேடம், நான் அதைப் பதியிறதுக்கெண்டு சொல்லேல்லை."

"அதாலதான் நல்லாயிருக்கு."

"எங்கட பக்கத்துப் பிள்ளையளும் அதைக் கேக்கும் மேடம். என்ட குரலெண்டு தெரியும்."

மேடம் எழும்பி அலுமாரியைத் திறந்தார். நீலப் புத்தகத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். "இதை வாசியுங்கோ. வாசிச்சிட்டு வாங்கோ, கதைப்பம்."

முன் அறையில் குகன் அண்ணை என்னைப் பார்த்தார். லோகாவுக்கு மட்டும் நீலத்தின் அர்த்தம் தெரியாது. பக்டரியில் யாரும் அவளுக்குப் புத்தகம் கொடுத்ததில்லை. முகம் மலர்ந்துபோய் வந்து, சொப்பிங் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஆங்கிலம் கஷ்டம். மேடத்துக்கு அது தெரியும். சாப்பாட்டு நேரத்தில் நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். கெட்டிக்காரி. நான் ஒரு பக்கத்தைச் சொல்லி முடிக்குமுன் அடுத்த பக்கத்தில் வரப்போவதைக் கேட்பாள். அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் உண்டு: பிழை விட்ட பிள்ளைக்குச் சொல்வதை உடனே சொல்லவேண்டும், குறிப்பாகச் சொல்லவேண்டும், கனிவாகச் சொல்லவேண்டும் என்று. மேடம் அடிமட்டம் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு வாசிப்பவர். 'உடனே' என்பதன் கீழே கோடு. 'குறிப்பாக' என்பதன் கீழே கோடு. 'கனிவாக' என்பதன் கீழே வெறும் தாள். மணி என்ன பிழையென்று ஒருநாளும் குறிப்பாகச் சொன்னதில்லையே என்று எனக்குள் ஓடியது.

"இதுக்கு மட்டும் ஏண்ணே கோடு போடல?" என்றாள் லோகா. எங்களோடு தனியாக இருக்கும்போது அவள் தன் பேச்சிலேயே பேசுவாள்.

மறந்திருப்பா என்றேன்.

"மேடம் எதையும் மறக்க மாட்டாங்க," என்றாள். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

விளையாட்டைப் போட்டுக் காட்டியது துணுக்காய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில். காசு கொடுக்கிறவர் கனடாவிலிருந்து வந்திருந்தார். சின்ன வயதில் இங்கிருந்து போனவர், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும், எதைக் கண்டாலும் போனில் படம் பிடிப்பார். பிள்ளைகளுக்கு ரப்லெட்டுகளைக் கொடுத்தோம். கொக்கு பேசத் தொடங்கியது. வகுப்பு அமைதியாகக் கேட்டது. அந்தக் குரலுக்கு அப்படி ஒரு இழுவை இருந்தது. லோகா வாசல்படியில் நின்று, உதட்டை அசைத்து, கொக்கோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு பிள்ளை தெரியாமல் பிழையான துருசைத் தொட்டது. தண்ணீர் றோட்டில் பாய்ந்தது. எருமை வந்தது.

'அய்யய்யோ... நமக்கு வராதுங்க.'

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு வகுப்பு குலுங்கியது. பக்கத்துப் பிள்ளை வேண்டுமென்றே பிழையைத் தொட்டது. அதற்கு அடுத்தது. சரியான விடையை மட்டுமே வாழ்க்கையில் எழுதியிருப்பாள் போலத் தெரிந்த முன்வரிசைச் சிறுமி, ரீச்சரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, துணிந்து பிழையைத் தொட்டாள். சுருங்கவேண்டிய சத்தத்துக்குப் பிள்ளைகள் மலர்ந்தார்கள். எனக்கு இது அப்போதே விளங்கியது, கணக்குப் போட்டதுபோல: அவர்களுக்குச் சரி சொல்கிற குரலும் பிழை சொல்கிற குரலும் நிறையத் தெரியும், எனக்கும் வராது என்று சொல்கிற ஒரு குரலை அன்றைக்குத்தான் கேட்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாத் திரையிலும் எருமை படுத்திருந்தது. வயலுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை.

கனடாக்காரர் கண்ணீர் வரச் சிரித்தார். படம் பிடித்தபடியே, இதை மட்டும் மாற்றிப்போடாதேங்கோ என்று மேடத்திடம் சொன்னார்.

லோகாவும் முதலில் சிரித்தாள். பிறகு பிள்ளைகள் அவளைக் கண்டுகொண்டார்கள். "கொக்கக்கா," என்று ஒன்று கத்தியது. மற்றவை அந்த 'ங்க'வை மூக்கால் இழுத்து இழுத்துச் சொல்லத் தொடங்கின. ஒரு ரீச்சர் மற்ற ரீச்சரின் காதில், தேயிலைத் தோட்டத்துப் பேச்சு என்று சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது. லோகாவுக்கும் கேட்டிருக்கும். அவள் வாசல்படியிலிருந்து இறங்கி வானுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

திரும்பி வரும்போது மாங்குளத்தில் றோட்டுக்கடையில் பிளேன்ரீ குடித்தோம். மேடம் வானை விட்டு இறங்கவில்லை. லோகா அவருக்கு ரீ வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தாள். வான் புறப்பட்டது. எல்லாரும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும். களைத்தும்போயிருந்தாள்.

"பிள்ளைங்க சந்தோசமா விளையாடுனாங்க. இல்லங்களா மேடம்?"

மேடம் கைப்பையைத் திறந்தார். கைலேஞ்சியை விரித்தார். மணியை மடியில் வைத்து, ஒரு விரலால் தட்டினார்.

கிளிநொச்சி வரும்வரை லோகாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. தான் சொன்ன அந்த ஒரு வசனத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து, எதில் பிழை என்று தேடிக்கொண்டிருந்தாள்.

கடிதம் திங்கட்கிழமை வந்தது. தற்காலிக நியமனம் முடிவுக்கு வருகிறது என்று நாலு வரி. மேடம் தானே அடித்து, கையெழுத்து வைத்து, லோகாவைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். நான் சேர்வரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். குசினிக்கும் அந்த அறைக்கும் நடுவில் பலகைச் சுவர்தான்.

லோகா கடிதத்தை வாசித்துவிட்டு, கொக்கைத் திரும்பப் பதிந்து தருகிறேன், எப்படிச் சொன்னாலும் சொல்கிறேன் என்றாள். இனிக் கொக்குக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு அறிவிப்பாளரைப் பிடித்தாயிற்று என்றார் மேடம். அப்படியென்றால் அந்தப் பிழைச் சத்தத்தையாவது எடுத்துவிடுவீர்களா என்று கேட்டாள்.

"அது இருக்கும். அது காசு குடுக்கிறவருக்குப் பிடிச்சிருக்கு," என்றார் மேடம். கோபம் இல்லாத, பாடம் சொல்கிற குரல். "உங்கட குரல் பிழைக்குத்தான் பொருந்துது. சரிக்குப் பொருந்தேல்லை."

நான் சேர்வரின் வயரைத் திரும்பச் செருகினேன். அப்போது,

டிங்.

யாருக்கு என்று எட்டிப் பார்த்தேன். மேடத்தின் இரண்டு கையும் கதிரைப் பிடியில் இருந்தன. மணியின் தலையில் இருந்தது லோகாவின் விரல்.

மேடத்தின் முகத்தில் அப்போது வந்ததை நான் அதற்கு முன்போ பின்போ பார்த்ததில்லை. நேர்முகத்தேர்வில் என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

"என்ன பிழை?" என்றார்.

லோகா கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். "கண்டுபிடிங்க மேடம்," என்றாள். அலுவலகத்துத் தமிழில் இல்லை, தன்னுடையதில். செருப்பை மாட்டும்போது அந்த வாசல் தாளை நிமிர்ந்து பார்த்தாள். போய்விட்டாள்.

மேடம் அன்று முழுக்க அறையைவிட்டு வரவில்லை. மத்தியானச் சாப்பாடு மூடியபடி கிடந்தது. நாங்கள் கால்விரலில் நடந்தோம். குகன் அண்ணை, மனுசிக்குச் சுட்டுட்டுது என்று கிசுகிசுத்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. உள்ளே அவர் அலுமாரியைத் திறந்து திறந்து மூடுவது கேட்டது. தன் வைத்தியம் தனக்கே வேலை செய்கிறது, தானே கண்டுபிடிக்கப்போகிறார், சாகும்வரை மறக்கமாட்டார் என்று நினைத்துக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வைத்தியத்தை நான் அவ்வளவு நம்பினேன்.

பின்னேரம் கதவு திறந்தது. அவர் முகம் வெளிச்சமாக இருந்தது. கடிதத்தின் பிரதியைக் கையில் பிடித்திருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டன் தம்பி," என்றார். "முத்திரை குத்தேல்லை. கையெழுத்து மட்டும் வைச்சுக் குடுத்திட்டன். கெட்டிக்காரப் பிள்ளை, கவனிச்சிருக்கு."

குகன் அண்ணை தன் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மேடம் கடிதத்தைப் புதிதாக அடித்து, கையெழுத்து வைத்து, அலுவலக முத்திரையை ஊதா மையில் தோய்த்து, மேசை அதிர ஒரு குத்துக் குத்தினார். இதைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். நீலப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு வரட்டாம்; அடுத்து வருகிற ஆளுக்குத் தேவைப்படும்.

மோட்டார் சைக்கிளில் போனேன். லோகாவின் குடியேற்றம் வாய்க்கால் போய் முடிகிற இடத்தில். எங்கள் விளையாட்டில் அப்படி ஒரு கடைசி வயல் இருக்கிறது. முந்தின எல்லாக் கணக்கும் சரியாக வந்தால்தான் அதற்குத் தண்ணீர் போகும். நிசத்தில் வாய்க்கால் வெடித்துக் காய்ந்து கிடந்தது. ஒழுங்கையில் சைக்கிள் உருட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் வீட்டைக் கேட்டேன். கனடாக்காரர் பிடித்த வீடியோ போன் போனாக எனக்கு முன்னமே அங்கே வந்து சேர்ந்திருந்தது. "ஆ, கொக்கக்கா வீடா?" என்று கேட்டு, வழி காட்டிக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்கள். "நமக்கு வராதுங்க, நமக்கு வராதுங்க" என்று பாட்டாகப் பாடிக்கொண்டு.

லோகா முற்றத்தில் நின்று பக்டரியின் நீலச் சட்டையைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் பாட்டுக்கு அவள் திரும்பவில்லை. என்னைக் கண்டதும் உள்ளே போய், சொப்பிங் பையில் அதே இரண்டு சுற்றோடு புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அதற்காகத்தான் வந்திருப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கடிதத்தை நீட்டினேன். அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"மேடம் குடுத்தாங்களா?" என்றாள். அவள் கண்ணில் ஒன்று வந்தது. நான் ஏன் இதை எடுத்துக்கொண்டு வந்தேன் என்று இருந்தது. "கண்டுபிடிச்சிட்டாங்களா அண்ணே?"

கண்டுபிடித்துவிட்டார் என்றேன்.

அவள் பிரித்தாள். அதே நாலு வரி. திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், ஒன்றும் இல்லை. முன்பக்கம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"முந்தினதில முத்திரை இல்லையாம்," என்றேன்.

லோகா அந்த ஊதா வட்டத்தின் மேல் பெருவிரலை வைத்தாள். மை இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டிக்கொண்டது. ஒழுங்கையில் பிள்ளைகள் வேலியைப் பிடித்துக்கொண்டு, அவள் வாயிலிருந்து அது வருமா என்று பார்த்தபடி நின்றார்கள். அவள் விரலைச் சட்டையில் துடைத்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. மெதுவாக, தெளிவாக, ஒருமுறைதான் சொன்னாள்:

"அய்யய்யோ... அவங்களுக்கு வராதுங்க."